பயந்த பிள்ளை நல்ல பிள்ளையா?



பிள்ளையை முதலாந் தரத்தில் சேர்க்கும் அன்று தகப்பன்மார் ஆசிரியரிடம் சொல்லும் ஒரு வாக்கியம் நம் பகுதியில் பரம்பரைச் சொத்துப்போலக் கைமாறி வருகிறது. "கண் இரண்டையும் விட்டுவிடுங்கள் சேர், மிச்சமெல்லாம் உங்கள் பொறுப்பு." திருக்கடலூரிலும் இதைக் கேட்கலாம், பாலையூற்றிலும் கேட்கலாம், துறையைக் கடந்து மூதூருக்குப் போனால் அங்கும் கேட்கலாம். சொல்கிறவர் கொடியவரல்லர். தம் பிள்ளை படித்து ஆளாக வேண்டும், தம்மைப்போல் இரவிரவாகக் கடலில் கிடக்கக் கூடாது என்ற ஆசைதான் அவரை அப்படிப் பேச வைக்கிறது. சிரித்துக்கொண்டுதான் சொல்கிறார். கேட்கும் ஆசிரியரும் சிரிக்கிறார். நடுவில், தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை மட்டும் சிரிப்பதில்லை.

இந்தச் சிரிப்பு பழையது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வட ஆபிரிக்காவில் ஒரு சிறுவன், பள்ளிக்கூடத்தில் தனக்கு அடி விழக்கூடாதென்று இறைவனிடம் மன்றாடினான். அவன் நாவைத் திறந்து செபிக்கப் பழகியதே அந்த மன்றாட்டில்தான். அவன் பட்ட அடியைக் கண்டு பெரியவர்கள் நகைத்தார்கள். அவனுக்கு ஒரு தீங்கும் நேரக்கூடாதென்று விரும்பிய பெற்றோரும் நகைத்தார்கள். அச்சிறுவன்தான் பின்னாளில் ஹிப்போ நகரின் ஆயராகிய புனித அகுஸ்தீன். நாற்பது வயது கடந்து தம் வாழ்வை எழுத உட்கார்ந்தபோதும் அந்தச் சிரிப்பை அவர் மறந்திருக்கவில்லை. பிரம்பையே ஒழித்துவிட வேண்டுமென்று அவர் வாதாடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்டிப்பில் இறைவனின் கையும் இருப்பதாகவே அவர் கண்டார். ஆயினும், இலத்தீன் மொழியைச் செவிலியர் நடுவே சிரிப்பும் விளையாட்டுமாய்க் கற்றதையும், கிரேக்கத்தை அச்சுறுத்தலின் கீழ்க் கற்று வெறுத்ததையும் ஒப்பிட்டுப் பார்த்து, கட்டாயத்தைவிட ஆர்வத்துக்கே கற்பிக்கும் வலிமை அதிகம் என்று ஒப்புக்கொள்கிறார்.

நம் நாட்டில் நிலைமை மாறியிருக்கிறது, ஏட்டளவிலாவது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 1991இல் உறுதிப்படுத்தியது. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை, பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்றது. தங்காலைப் பகுதியில் ஆசிரியர் அறைந்ததால் ஒரு மாணவனின் செவிப்புலன் கெட்டுப்போன வழக்கில், 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் தடைசெய்யும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டிருக்கிறது, ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்த வேண்டும். ஆனால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 2017இல் வெளியிட்ட ஆய்வில் என்ன கண்டார்கள்? விசாரிக்கப்பட்ட மாணவரில் நூற்றுக்கு 80 பேர், கடந்த ஒரு தவணைக்குள் ஏதோவொரு வகை உடல் தண்டனையைத் தாம் பெற்றதாகச் சொன்னார்கள். சுற்றறிக்கை வந்து 12 ஆண்டுகளுக்குப் பின்னர் நிலைமை அது.

ஆசிரியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக்கொள்வது நியாயமன்று. முப்பத்தைந்து நாற்பது பிள்ளைகள் நெருக்கியடித்து இருக்கும் வகுப்பறை. தலைக்கு மேல் தகரம். எதிரே தரம் ஐந்து புலமைப்பரிசில் என்ற பூதம். "கையைக் கட்டிப்போட்டுவிட்டு வகுப்பை அடக்கு என்கிறார்கள்" என்று ஓர் ஆசிரியை குறைப்பட்டால் அதில் உண்மை இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற தொலைபேசி இலக்கம் மனப்பாடம், ஒன்பதாம் வாய்ப்பாடுதான் மனப்பாடமில்லை என்று ஆசிரியர்கள் பகிடி பண்ணுவதுண்டு. பிரம்பைப் பறித்தவர்கள் அதன் இடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை என்பதே அவர்களுடைய மனக்குறை. வெறுமையாக விடப்பட்ட இடத்தில் பல வகுப்புகளில் நாக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. "உன் தாய் வெளிநாட்டில் கிடக்கிறாள், உனக்கு யார் ஒழுக்கம் சொல்லித்தருவது?" என்று நாற்பது பிள்ளைகளுக்கு முன் கேட்பதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. பிரம்படியின் தழும்பு இரண்டு நாளில் ஆறிவிடும். இது ஆறுவதற்கு நாளாகும்.

வெறுமையாய்க் கிடக்கும் அந்த இடத்தில் இருக்க வேண்டியவர்களுள் ஒருவரைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறோம். உளவளத்துணை ஆசிரியர் என்கிறோம்; வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் என்றும் சொல்வதுண்டு. பாடசாலைகளில் அப்படி ஒருவர் இருந்தாலும் பெரும்பாலும் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கே உரியவராகக் கருதப்படுகிறார். காதல் விவகாரம், பரீட்சைப் பயம், எந்தத் துறையைப் படிப்பது என்பவையே அவர் வேலை என்று எண்ணுகிறோம். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு என்ன பெரிய கவலை இருக்கப்போகிறது?

இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கர் திடுக்கிட்டு, மறு ஆண்டே ஒரு கல்விச் சட்டம் இயற்றி, உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பணம் ஒதுக்கினார்கள். பிள்ளைகளின் கண்ணீரைத் துடைப்பதற்காக அன்று. நாளைய விஞ்ஞானிகளைத் தேடிப் பிடிப்பதற்காக. ஆரம்பப் பள்ளிகளுக்கும் அவ்வுதவி நீண்டது 1964இல்தான். விஞ்ஞானியாவதற்கு இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய பிள்ளைக்கு எங்கும் கடைசி இடந்தான்.

ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்; உங்கள் தெருவிலேயே இருப்பான். மூன்றாந் தரம். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைக் கிழிக்கிறான், வரிசையில் நிற்பவனைத் தள்ளிவிடுகிறான், கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். தகப்பன் கரைவலைக்குப் போகிறார். வளர்ப்பது அம்மம்மா. வகுப்பாசிரியை புத்தி சொன்னார், வெளியே நிறுத்தினார், ஒருநாள் பொறுமையிழந்து அடித்தும் பார்த்தார். பயனில்லை.

நல்ல உளவளத்துணை ஆசிரியை இவனைக் கூப்பிட்டு உபதேசம் செய்து தொடங்கமாட்டார். முதலில் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொள்வார். எந்த நாள், எந்தப் பாடவேளை, யாரோடு, அதற்குச் சற்று முன் நடந்தது என்ன, அதற்குப் பின் அவனுக்குக் கிடைத்தது என்ன என்று வகுப்பாசிரியையிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போவார். மூன்று நான்கு கிழமை இப்படிக் குறித்தால், கண்ணுக்குத் தெரியாதிருந்த ஒன்று தெரிய வரும். இவனுடைய சண்டைகள் ஏறக்குறைய எல்லாம் வெள்ளிக்கிழமைகளில். அம்மம்மாவிடம் விசாரித்தால், தாய் வியாழக்கிழமை இரவில்தான் தொலைபேசியில் பேசுகிறாள். "வருகிற மாதம் வருகிறேன் மகன்" என்கிறாள். அந்த மாதம் தள்ளித் தள்ளிப் போகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்குத் துக்கம் என்ற சொல் தெரியும். ஆனால் தனக்குள் கிடந்து குமைவதற்குப் பெயர் அதுதான் என்று தெரியாது. வாய் சொல்லாததைக் கை செய்துவிடுகிறது.

இனி ஆசிரியை செய்யக்கூடியவை சின்னச் சின்னக் காரியங்கள். வெள்ளிக்கிழமை மணி அடிக்குமுன் பத்து நிமிடம் அவன் தன்னோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்வார். தாய்க்குக் காட்ட ஒரு படம் வரையச் சொல்வார். கோபம் ஏறும்போது உடம்பில் எங்கே தெரிகிறது, கையிலா, தொண்டையிலா என்று அவனே கண்டுபிடிக்கப் பழக்குவார். அந்த நேரம் வகுப்பாசிரியைக்குக் காட்ட ஒரு சைகையையும், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர ஓர் அனுமதியையும் கொடுப்பார். தொலைபேசியில் பேசும் நாளைச் சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று அம்மம்மாவிடம் கேட்பார். சண்டை அடியோடு நின்றுவிடும் என்று நாம் சொல்லவில்லை. குறையும். குறைந்த இடத்தில் அவனுக்குப் படிப்பு ஏறும்.

இத்தகைய பிள்ளைகள் குறையப்போவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய் வீட்டு வேலைக்காக வெளிநாடு செல்வதை 2013இல் கட்டுப்படுத்திய அரசு, கையில் டொலர் இல்லாமற் போன 2022இல் அந்த வயதெல்லையை இரண்டாகக் குறைத்தது. அந்தத் தீர்மானத்தின் பிள்ளைகள் இப்போது பாடசாலை வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன் வந்தவர்களோ சுனாமி அடித்த கரையில், 2006இல் சம்பூரிலும் மூதூரிலும் இடம்பெயர்ந்தவர்களின் கூடாரங்களில் வளர்ந்து, இன்று தாய் தகப்பனாகியிருக்கிறார்கள். தாம் பட்டதைப் பேசுவதற்கு அவர்களுக்கே ஆளில்லாமல் இருந்தது.

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். பயந்து அடங்கும் பிள்ளை நல்ல பிள்ளையா?

ஏழு வயது நிரம்பிய பிள்ளைக்குப் புத்தி விபரம் வந்துவிட்டதெனத் திருச்சபைச் சட்டம் கொள்கிறது. அந்த வயதை ஒட்டியே 1910இல் பாப்பரசர் புனித பத்தாம் பத்திநாதர் சிறுபிள்ளைகளுக்கு முதல்நன்மையின் வாசலைத் திறந்துவிட்டார். நம் பாடசாலைக் கணக்கில் அது மூன்றாந் தரமளவில் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? உன் உள்ளத்தை நீயே சோதித்துப் பார், செய்ததை மறைக்காமல் சொல், மனம் வருந்து, பரிகாரம் செய். திங்கட்கிழமை காலையில் அதே பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? செய்ததைச் சொன்னால் அடி. சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பலாம். இன்னொருவனைக் காட்டிக்கொடுத்தால் நிச்சயம் தப்பலாம். ஒரே வயதில், ஒரே கிழமையில், ஒரே பிள்ளைக்கு இரண்டு ஞானோபதேசங்கள் நடக்கின்றன. இதில் எது அவன் உள்ளத்தில் தங்கும் என்று எண்ணுகிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மணித்தியாலம், மற்றதற்கு ஐந்து நாள்.

பழைய ஞானோபதேசம் படித்த பெரியவர்களுக்கு நினைவிருக்கும்: மனஸ்தாபம் இருவகைப்படும். சர்வேசுரனை நேசிப்பதனால் வரும் துக்கம் உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து வரும் துக்கம் அதற்குக் குறைந்தது. குறைந்ததாயினும் அதைத் திருச்சபை தள்ளிவிடவில்லை. அதுவும் இறைவனின் கொடையே என்று 1551இல் திரெந்து பொதுச்சங்கம் கற்பித்தது. ஆகவே அச்சம் முழுவதும் கெட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. நெருப்புக்கும் கிணற்றுக்கும் பயப்படாத பிள்ளை பிழைப்பதெப்படி? ஆனால் திருச்சபை அச்சத்தை ஏற்றுக்கொள்வது, அங்கிருந்து அன்புக்கு நடக்கலாம் என்பதற்காக. நாமோ பிள்ளையை வாசற்படியிலேயே குடியிருத்திவிட்டு, வீட்டுக்குள் வந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். அதிபர் வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போன நாளில் வகுப்புகளைப் பாருங்கள், விளங்கும். நன்மையைப் பழக்கத்தாலும் மனமுவந்தும் செய்வதே புண்ணியம் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் படிப்பிக்கிறார். பார்க்கும் கண் இருக்கும்வரை மட்டும் நிற்கும் ஒழுக்கத்தை அந்த அர்த்தத்தில் புண்ணியம் என்று அழைக்க முடியாது.

நீதிமொழிகள் நூலில் பிரம்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லியிருக்கிறது. தகப்பன்மார் பிள்ளைகளைக் கோபமூட்ட வேண்டாம், அவர்கள் மனமுடைந்து போவார்கள் என்று புனித பவுல் கொலோசேயருக்கு எழுதியதும் அதே விவிலியத்தில்தான் இருக்கிறது. முன்னதை மனப்பாடமாய் வைத்திருப்பவர்கள் பின்னதையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்றுண்டு. அதைச் சொல்பவர் கொப்பி கிழிக்கப்பட்ட பிள்ளையின் தாய். "அவனுடைய தாய் குவைத்தில் என்றால் என் பிள்ளை என்ன செய்தது? அடித்தவனைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லிப் படம் வரையவிடுகிறீர்கள். அடிவாங்கியவனுக்கு என்ன நீதி?" இந்தத் தாயின் கேள்விக்கு விடை சொல்லாத உளவளத்துணை ஆபத்தானது என்பது நம் கருத்து. காரணம் வேறு, குற்றமின்மை வேறு. அவன் ஏன் கிழித்தான் என்று விளங்கிவிட்டதால் கிழித்தது சரியாகிவிடாது.

ஆனால் பிரம்பு அந்தத் தாய்க்கு நீதி கொடுத்ததா? இரண்டடி விழுந்ததும் கணக்குத் தீர்ந்தது என்பது பிள்ளைகளுடைய சட்டம். அடிவாங்கியவன் கையை உதறிக்கொண்டு வீரனாக இருக்கைக்குப் போகிறான். கிழிந்த கொப்பி கிழிந்தபடியே கிடக்கிறது. தான் யாருக்குத் தீங்கு செய்தானோ அந்த முகத்தை அவன் நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமேயில்லை. உண்மையில் பிரம்பு அவனுக்கு மிக மலிவான விலை. பரிகாரம் என்பது இதைவிடக் கடினம்: இடைவேளையில் விளையாடப் போகாமல் இருந்து அந்தப் பக்கங்களைத் தன் கையால் எழுதிக்கொடுக்க வேண்டும்; எழுதியதை அந்தப் பிள்ளையின் கையில் தானே கொடுக்க வேண்டும்; அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இதை ஒழுங்குபடுத்தி, இரு பிள்ளைகளுக்கும் நடுவில் பொறுமையாய் இருப்பது உளவளத்துணை ஆசிரியரின் வேலை. அடிப்பதற்கு அரை நிமிடம் போதும். இதற்கு ஒரு கிழமை வேண்டும். ஆரம்பப் பிரிவுக்கென்று தனியாக ஒருவர் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இந்த ஒரு கிழமையே காரணம்.

தண்டிப்பவரும் செவிசாய்ப்பவரும் ஒருவராயிருக்க முடியுமா? இயேசு சபையார் 1599இல் வகுத்த கல்வித் திட்டத்தில் சுவையான ஒரு விதி உண்டு. மாணவனை அடிக்க வேண்டி வந்தால் சபையைச் சேர்ந்த ஆசிரியர் கைவைக்கக் கூடாது. அதற்கென்று வெளியார் ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். படிப்பிக்கிற கை அடிக்கிற கையாகிவிட்டால் பிள்ளை அந்தக் கையிலிருந்து எதையும் நம்பி வாங்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும். (அமர்த்தப்பட்ட அந்த மனிதரைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்பது வேறு விடயம்.) இன்றோ சில பாடசாலைகளில் உளவளத்துணைக்கு நியமிக்கப்பட்டவரையே ஒழுக்காற்றுக் குழுவிலும் உட்காரவைக்கிறார்கள். காலையில் தலைமுடியின் நீளத்தை அளந்தவரிடம் பிற்பகலில் தன் நெஞ்சைத் திறந்து காட்டும் பிள்ளை உலகத்தில் எங்கும் இல்லை.

பெற்றோர் பலர் கேட்கும் இன்னொன்று: "என் பிள்ளை அங்கே என்ன சொன்னது என்று எனக்குச் சொல்ல வேண்டாமா?" கத்தோலிக்கர் இதில் எளிதாகக் குழம்பிப்போவார்கள், பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தோடு இதையும் ஒன்றாக்கிவிடுவார்கள். குருவானவர் காக்கும் முத்திரை எக்காரணம் கொண்டும் உடைக்க முடியாதது. உளவளத்துணை ஆசிரியர் காப்பது அத்தகையதன்று. தம்பியோடு சண்டை, கள்ளத்தனமாய்த் தின்ற மிட்டாய், அப்பா மீது கோபம், இவையெல்லாம் அவரோடு நிற்கலாம், நிற்கவும் வேண்டும். ஆனால் ஒருவர் தன்னைத் தகாத முறையில் தொடுகிறார் என்றோ, வீட்டில் சூடுவைக்கிறார்கள் என்றோ பிள்ளை சொன்னால் அவர் வாளாவிருக்க முடியாது. அதிபருக்கும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும், வேண்டுமானால் 1929க்கும் சொல்லியே ஆகவேண்டும். "உனக்கு ஆபத்து என்றால் மட்டும் நான் உதவி கேட்பேன், யாரிடம் கேட்பேன் என்று உனக்குச் சொல்லிவிட்டே கேட்பேன்" என்று முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவைப்பது நேர்மை.

இங்கே அமைதியான பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொப்பி கிழிப்பவன் எப்படியோ கவனத்தைப் பெற்றுவிடுகிறான். வகுப்பின் மூலையில், கேட்டால் தலையசைத்து, கேட்காவிட்டால் பேசாமல், ஒரு முறைப்பாடும் இல்லாமல் இருக்கும் சிறுமியை "தங்கமான பிள்ளை" என்று அறிக்கையில் எழுதிவிட்டு விட்டுவிடுகிறோம். அவள் உண்மையிலேயே அமைதியான சுபாவக்காரியாக இருக்கலாம். தன்னை யாரும் பார்க்கக்கூடாதென்று முடிவெடுத்தவளாகவும் இருக்கலாம். ஒழுக்கம் என்பதைச் சத்தமின்மை என்று வைத்துக்கொண்டால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமற் போய்விடும்.

இப்போது பரவிவரும் நட்சத்திரம், ஸ்டிக்கர், பரிசுப் புள்ளி ஆகியவற்றைப் பற்றி நமக்குச் சற்று ஐயமுண்டு. அடிப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லதுதான். ஆனால் நட்சத்திரத்துக்காகப் பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளையும் பிரம்புக்காகத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளையும் பென்சிலை இழந்தவனை நினைப்பதில்லை. தொன் போஸ்கோ 1877இல் தம் தடுப்பு முறைக் கல்வியைப் பற்றி எழுதியபோது, ஆசிரியர் பிள்ளைகளோடு கூடவே இருப்பதைப் பெரிதாக எடுத்துக்காட்டினார். தாம் நேசிக்கப்படுகிறோம் என்பதைப் பிள்ளைகள் தாமே உணர வேண்டும் என்பது அவர் கொள்கை. "நல்ல பிள்ளை" என்று பொதுவாகப் புகழ்வதைவிட, "இன்று அவனுக்குக் கோபம் வந்தபோது நீ விலகிப் போனாயே, அதை நான் பார்த்தேன்" என்று நடந்ததைச் சொல்வது அதிக பலன் தரும். அதற்குச் செலவுமில்லை.

இவையெல்லாம் மேனாட்டுச் சரக்கு, நம் பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பக்கத்திலே மட்டக்களப்பில், யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல், இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். சுற்றியிருந்த தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் பேருந்தில் வந்தார்கள். களிமண், நிறங்கள், கதை, கூத்து, மரநிழல், அவ்வளவுதான். பிள்ளைகளோடு இருந்தவர்கள் வைத்தியர்களல்லர்; யுத்தத்தைத் தாமும் அனுபவித்த உள்ளூர் இளைஞரும் யுவதிகளும். வெடிச்சத்தத்தில் வளர்ந்த பிள்ளை, அடங்கு என்று அதட்டப்படாமல், மண்ணைப் பிசைந்து பிசைந்து தன் கதையைத் தானே சொல்ல இடம் கிடைத்தது. அன்று அவ்வளவு நெருக்கடியில் மட்டக்களப்பில் முடிந்தது, இன்று துப்பாக்கி ஓய்ந்த திருகோணமலையில் ஒரு பாடசாலை அறையில் முடியாதா?

பிள்ளைகளின் முதல் ஆசான்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றிய அறிக்கையில் கூறியதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். இந்த விடயத்தில் அதன் பொருள் மிகச் சாதாரணமானது. உளவளத்துணை ஆசிரியை உங்களை அழைத்தால், "என் பிள்ளைக்குப் பைத்தியமா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பைத்தியத்துக்கு மருந்து கொடுப்பவரல்லர். மருத்துவம் தேவையென்று கண்டால் ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டிவிடுவார். பிள்ளை அங்கே சொன்னது உங்கள் காதுக்கு வந்தால், அதற்காக வீட்டில் அடிக்காதீர்கள். ஒருமுறை அப்படி நடந்தால் போதும், அந்தப் பிள்ளை இனி எவரிடமும் ஒன்றும் சொல்லாது.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் மதில், மலசலகூடம், புலமைப்பரிசில் மாலை வகுப்பு என்று பேசி முடிக்கிறோம். அடுத்த கூட்டத்தில் இன்னொன்றையும் கேளுங்கள். ஆரம்பப் பிரிவுக்கு உளவளத்துணை ஆசிரியர் இருக்கிறாரா? இருந்தால், எந்த நாளில், எந்த அறையில்? அவருக்கு வேறு எத்தனை பாடங்கள் சுமத்தியிருக்கிறார்கள்? ஒழுக்காற்றுக் குழுவில் அவர் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால், வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தில் முதல் கையொப்பம் உங்களுடையதாக இருக்கட்டும். அறை ஒன்று ஒதுக்கித் தந்தால், அதன் வாசல் எந்தப் பக்கம் என்று போய்ப் பாருங்கள். அதிபரின் அலுவலகத்துக்குள்ளால் நடந்துதான் அங்கே போக வேண்டுமென்றால், வேறு அறை கேளுங்கள்.